தண்ணீர் நிரப்பிய இடம்

மங்கலாக அச்சான தாளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். பிறவிக் குணமில்லை, வேலை கொடுத்தது. ராசிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் இருபது வருடமாக ஹால் டிக்கெட்டும் மாற்றுச் சான்றிதழும் அச்செடுத்துக் கொடுக்கிறேன். பிள்ளையின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு விழுந்திருக்கும். "பரவாயில்லைங்க மேடம், ஆள் தெரியுதுங்க" என்று பெற்றவர்களே சொல்வார்கள். எங்கே தெரிகிறது? நான் விடமாட்டேன், திரும்ப எடுப்பேன். இதற்காக ஆபீஸில் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், அதுவும் எனக்குத் தெரியும்.

போன மார்கழியில் இந்தப் பிடிவாதத்தோடுதான் வீட்டில் காலண்டர் செய்ய உட்கார்ந்தேன். அண்ணனுக்காக.

அண்ணன் முப்பது வருடம் லாரி ஓட்டியவன். இப்போது சங்ககிரி பக்கத்தில் சொந்த வீடு, வாசலில் சின்னதாக டயர்க் கடை. அம்மா அவனோடுதான் இருக்கிறாள். ஐப்பசியில் ஒரு நாள் டயரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சேலத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும், பொங்கல் கழித்து வைத்துக்கொள்ளலாம், அதன் பிறகு மூன்று மாதம் படுக்கை என்று சொல்லிவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது வழக்கம்போல் கிண்டலாகத்தான் பேசினான்.

"மூணு மாசம் விட்டத்தையா பாத்துட்டுப் படுத்திருக்கறது? எதுத்தாப்ல செவுத்துல மாட்டற மாதிரி நம்ம மூஞ்சிங்களாப் போட்டு ஒரு காலண்டர் அடிச்சுக் குடு அம்மிணி. கண்ணாடி போடாமப் பாத்தாலும் தெரியோணும்."

சனவரிப் பக்கத்துக்கு எந்தப் படம் என்பதையும் அவனே சொன்னான். மேட்டூர்ப் படம். சொல்லிவிட்டுச் சிரித்தான், ஆனால் என் கையை விடவில்லை. இத்தனை வருடத்தில் அவன் என் கையைப் பிடித்ததே கிடையாது. அவன் பயந்திருந்தான். நாங்கள் எல்லோருமே பயந்திருந்தோம். அம்மா சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள், நடுவில் சாப்பிடுவதை மறந்துவிடுவாள்.

வீட்டில் மகனுக்காக வாங்கிய மைத்தொட்டி பிரிண்டர் ஒன்று இருந்தது, மேலே மூடியைத் திறந்தால் ஸ்கேன் எடுக்கலாம். பள்ளிக்கூட மெஷினிலேயே எடுத்துவிட்டால் வேலை சுலபம்தான், ஆனால் அண்ணனுக்குச் செய்வதை நான் என் வீட்டில், என் கையால் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். முதல் வாரம் முழுக்க எல்லாமே பிசகியது. தாளின் தவறான பக்கத்தில் அச்செடுத்தேன். படத்தாளில் ஒரு பக்கம்தான் பூச்சு இருக்கும். ஈர விரலை ஓரத்தில் வைத்தால் எந்தப் பக்கம் பிசுக்கென்று ஒட்டுகிறதோ அதுதான் மை வாங்கும் பக்கம். அது தெரியாமல் ஆறு தாளை வீணாக்கினேன். தங்கச்சி மேட்டூரிலிருந்து செல்போனில் அனுப்பிய படங்கள் எல்லாம் வரும் வழியிலேயே சுருங்கி வந்தன. கோப்பாக அனுப்பு என்று நாலு முறை சொல்லி, கடைசியில் திட்டித்தான் வாங்கினேன். அவள் வீட்டுக்காரர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கிறவர், அவர்தான் பொறுமையாக உட்கார்ந்து அனுப்பி வைத்தார். பளபளப்புத் தாளில் எடுத்தால் சன்னல் வெளிச்சம் பட்டு முகமே தெரியவில்லை. படுத்திருப்பவனுக்கு அது ஆகாது என்று பளபளக்காத பூச்சுத் தாளுக்கு மாறினேன். மை வரும் துளைகளைச் சுத்தம் செய்து, சோதனைக் கோடுகள் ஒன்றுகூட விடாமல் விழும் வரை எடுத்தேன். அப்போதுதான் கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒரு நீலச் சாயல் இருப்பதைக் கவனித்தேன். இந்த மெஷின் சாம்பல் நிறத்தைக் கறுப்பு மையால் மட்டும் போடுவதில்லை, சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றையும் கலந்துதான் போடுகிறது. பார்க்கிறவருக்குக் கறுப்பு வெள்ளை. உள்ளே எல்லா நிறமும் இருக்கிறது.

பதினோரு மாதத்துக்கும் படங்கள் நன்றாக வந்தன. சனவரி மட்டும் மீதி இருந்தது.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் எனக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பத்து, தங்கச்சிக்கு நாலு. ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூரில் ஆற்றில் குளிக்கப் போனபோது எடுத்தது. அப்பா லாரியில் வடக்கே போயிருந்தார். அம்மா ஒருத்தியாக எங்கள் மூன்று பேரையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனாள். குளித்து, சாமி கும்பிட்டு முடித்ததும், கழுத்தில் கேமராவோடு நின்ற ஒருவர் முகவரி கொடுத்தால் தபாலில் படம் அனுப்புவதாகச் சொன்னார். ஆற்றுக்கு முதுகு காட்டி எங்களை நிற்க வைத்தார். அம்மாதான் இருங்க இருங்க என்று நிறுத்தினாள். எங்கள் பக்கத்தில் மூன்று பேர் மட்டும் நின்று படம் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் ஒருவர் தங்கமாட்டார், அதுவும் நடுவில் நிற்கிறவர், என்று ஒரு பேச்சு. கல்யாண வீடுகளில் இன்றைக்கும் மேடையில் மூன்று பேர் நின்றுவிட்டால் யாரையாவது இழுத்து நாலாக்குவார்கள். ஆளே கிடைக்காவிட்டால் ஒரு பொம்மையையாவது கையில் கொடுப்பார்கள். எங்கள் படத்தில் நடுவில் நின்றது அண்ணன். அதனால், அப்பா இல்லாமல் தான் படத்தில் நிற்க விரும்பாத அம்மா, அந்த வழியாகப் போன ஒரு பெண் பிள்ளையைக் கூப்பிட்டு நாலாவதாக நிறுத்தினாள். இவ்வளவுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை.

அவளுக்கும் ஏழெட்டு வயதுதான் இருக்கும். தங்கச்சியின் தலைக்குப் பின்னால், அண்ணன் தோளை ஒட்டி நிற்கிறாள். நாங்கள் மூவரும் தெளிவாக இருக்கிறோம், அவள் மட்டும் அசைந்துவிட்டாள். முகம் இருக்கும் இடத்தில் இழுத்துவிட்ட சுண்ணாம்பு மாதிரி ஒரு தடம். யார் பெற்ற பிள்ளை என்று எங்களுக்குத் தெரியாது. வீட்டில் அவளுக்குப் பெயர் 'நாலாவது'. தூசி தட்டும்போது "நாலாவதுக்கும் தொடைச்சு உடு" என்று அண்ணன் சொல்வான். நாற்பது வருடமாக அப்படியே எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தாள்.

அண்ணன் வீட்டிலிருந்து வாங்கி வந்து, சட்டத்தைக் கழற்றிப் படத்தை வெளியே எடுத்தபோது, சட்டத்துக்கு உள்ளே மடங்கியிருந்த ஓரம் முதல் முறையாக வெளியே வந்தது. ஒரு விரல் அகலம் இருக்கும். வலது ஓரத்தில் அந்தப் பெண்ணின் முழங்கைக்குப் பக்கத்தில் வெளிறிய கறை ஒன்று தெரிந்தது. பூஞ்சை என்று நினைத்துக்கொண்டேன். மிக அதிகத் தெளிவில் ஸ்கேன் எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது அண்ணன் சட்டைப் பொத்தானில் இருந்த நாலு ஓட்டைகள்கூடத் தெரிந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவள்தான் கெடுத்தாள். எவ்வளவு கூர்மையாக்கினாலும் அந்தத் தடம் தடமாகவே நின்றது. கூர்மையாக்கினால் இன்னும் மோசம், ஓரங்களில் வெள்ளைக் கோடு விழுந்து, அவளே படத்திலிருந்து பிய்ந்து வருவதுபோல் இருந்தது. மூன்று நாள் போராடிவிட்டு, எரிச்சலில், அவளை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். சிரமமில்லாத வேலை. இடது பக்கம் இருக்கும் ஆற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகல் எடுத்து, அவள் நின்ற இடத்தில் நிரப்பினேன். முதலில் கால், பிறகு பாவாடை, பிறகு தோள். முகத்தைக் கடைசியாக மூடினேன். அரையாண்டு லீவில் ஒரே பகலில் வேலை முடிந்துவிட்டது. நாங்கள் மூன்று பேர், பின்னால் ஆறு. படம் கண்ணாடி மாதிரி இருந்தது.

மறுநாள் காலை சோதனைக்கு ஒரு தாள் எடுத்து, சமையலறை சன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். தண்ணீருக்குள் அவள் முகம் இருந்தது.

தாளைக் கீழே போட்டுவிட்டேன். காலை பத்து மணி, அடுப்பில் பால், வெளியே காய்கறி வண்டிக்காரன் சத்தம். எடுத்துத் திருப்பிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. சோதனைக்கு நல்ல தாளை எதற்கு வீணாக்குவது என்று, முன்பு அவளைக் கூர்மையாக்கிக் கெட்டுப்போன தாளின் பின்பக்கத்தில் எடுத்திருக்கிறேன். பின்னால் இருந்த பழைய அச்சு வெளிச்சத்தில் ஊடுருவித் தெரிந்திருக்கிறது. பின்பக்கத்திலிருந்து தெரிவதால் அவள் வலம் இடமாக மாறி, என் பக்கமாக வந்து நின்றிருந்தாள். எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு அந்தத் தாளை நாலாக மடித்து, குப்பையில் போடாமல், ஏனோ அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சனவரித் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு சங்ககிரிக்குப் போனேன். அண்ணன் பார்த்துவிட்டு "அட, பொத்தான் ஓட்டை தெரியுது பாரு" என்றான். நான் எதிர்பார்த்த பாராட்டு அதுதான், மனசு குளிர்ந்துவிட்டது. அம்மா வாங்கிப் பார்த்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், மறுபடியும் முன்பக்கம் பார்த்தாள்.

"அந்தப் புள்ள எங்க சாமி?" என்று என்னைக் கேட்டாள்.

மங்கலாக இருந்தாள், எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அம்மாவின் முகம் வெளுத்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, அப்பா செத்த அன்றுகூட. படத்தில் நாங்கள் மூன்று பேராக நிற்கிறோம், நடுவில் அவன் நிற்கிறான், அவனை இந்த நேரத்தில் இப்படி நிறுத்தி வைத்திருக்கிறாயே என்று மெதுவாகத்தான் கேட்டாள். நான் கத்திவிட்டேன். டாக்டர் நெஞ்சைத் திறக்கப் போகிறார், நீ படத்தில் தலை எண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று. அம்மா திரும்பக் கத்தவில்லை. அந்தப் பிள்ளை திரும்ப வந்து நிற்கிற வரைக்கும் அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன் என்றாள். அண்ணன் கிண்டல் செய்வான் என்று பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவ இருந்துட்டுத்தான் போகட்டுமே அம்மிணி" என்றான். அப்போதுதான் அவனும் எவ்வளவு நம்புகிறான் என்று தெரிந்தது. ஆபரேஷனுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

பழைய ஸ்கேன் அப்படியே இருந்தது, அதை எடுத்து அச்சடித்தால் போதும். ஆனால் என் புத்தி சும்மா இருக்குமா? திரும்ப வருகிறவள் தெளிவாக வரட்டும் என்று, பழைய படங்களில் முகத்தைத் துலக்கிக் கொடுக்கும் ஒரு செயலியைப் போனில் இறக்கினேன். இரண்டு நிமிடத்தில் அவளுக்கு முகம் வந்துவிட்டது. வட்ட முகம், பெரிய கண், சிரிப்பு. நன்றாகத்தான் இருந்தது. சந்தேகத்தில் இன்னொரு முறை ஓட்டினேன். வேறொரு பெண் வந்தாள், நீள முகம், மூக்குத்தி. மூன்றாவது முறை வந்தவள் என் தங்கச்சியின் ஜாடையில் இருந்தாள். இல்லாத ஒன்றை அது எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டுகிறது என்று தெரியும், தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. எத்தனை முறை ஓட்டினேனோ அத்தனை பெண் பிள்ளைகள் வந்து அண்ணன் தோளுக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார்கள்.

எல்லாவற்றிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. முகம் மாறிமாறி வந்தாலும், வலது ஓரத்தில் பூஞ்சை என்று நான் நினைத்த கறை ஒவ்வொரு தடவையும் விரல்களாகவே வந்தது.

செயலியை மூடிவிட்டுக் கம்ப்யூட்டரில் மூல ஸ்கேனைத் திறந்தேன். அந்த இடத்தை மட்டும் தாள் முழுக்கப் பெரிதாக்கி அச்செடுத்தேன். மை காயும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நாலு விரல். படத்துக்கு வெளியே நிற்கும் யாரோ ஒருவருடையது. அந்தப் பெண்ணின் முழங்கையைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தது. சுண்டுவிரல் நடுக்கணுவில் உள்பக்கமாக வளைந்திருந்தது.

அம்மாவுக்குக் கல்யாணமான புதிதில் ஆட்டுக்கல் உருண்டு விழுந்து சுண்டுவிரல் ஒடிந்தது. சரியாகக் கூடவில்லை. அந்த வளைந்த விரலால்தான் எங்களுக்குக் கண்ணில் மை வைப்பாள்.

அதன் பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் பார்த்தேன். அவள் முகத்தின் தடம் எல்லாப் பக்கமும் கலையவில்லை, ஒரே பக்கமாக இழுத்திருந்தது, ஆற்றுப் பக்கமாக. நாங்கள் மூவரும் கேமராவைப் பார்த்து நிற்கிறோம். அவள் பாதங்கள் திரும்பியிருந்தன. அவள் தெரியாமல் அசைந்துவிடவில்லை. போக முயன்றிருக்கிறாள்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுச் சங்ககிரிக்குப் போனேன். அண்ணன் கடையில் இருந்தான். பெரிதாக்கிய தாளை அம்மாவின் மடியில் வைத்தேன். அம்மா தன் கையை அந்தத் தாளின் மேல் வைத்து மூடினாள். பிறகு சொன்னாள்.

"போகோணும் போகோணும்னு இழுத்தா சாமி. அவிய ஆளுங்க முன்னால தண்ணிக்கு எறங்கிட்டாங்க, இவ பின்னால தங்கிட்டா. ஒரு நிமிசம் நில்லு கண்ணு, பொரி தாரேன்னு நாந்தான் கையப் புடிச்சு நிறுத்துனேன்."

படக்காரர் நிறைய நேரம் எடுத்துக்கொண்டாராம். வெயில் மறைந்தது, தங்கச்சி அழுதாள், மறுபடி சரிசெய்தார். அத்தனை நேரமும் அம்மா படத்துக்கு வெளியே நின்று அவளை விடாமல் பிடித்திருந்தாள். படம் எடுத்து முடித்ததும் கையை விட்டாள். அந்தப் பிள்ளை பொரி வாங்கவில்லை. தன் ஆட்களைத் தேடிப் படிக்கட்டுப் பக்கம் ஓடினாள். அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போனது. நாங்கள் புளிச்சோற்றைப் பிரித்து உட்கார்ந்தபோது படிக்கட்டில் ஒரு பொம்பளை அலறினாள், கூட்டம் ஓடியது. ஒரு பிள்ளையைக் காணோமாம் என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். அம்மா சோற்றைக் கட்டிவிட்டு எங்கள் மூவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

"எந்தப் புள்ளைன்னு நான் கேக்கல" என்றாள். "கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

ஒவ்வொரு ஆடிக்கும் அம்மா ஆற்றில் விடும் தட்டில், எங்களுக்கு வாங்கிய வளையல்களோடு சின்ன அளவில் இன்னும் ஒரு ஜோடி இருக்கும். கன்னிமாருக்கு என்பாள். நான் அதை நம்பியிருந்தேன். அம்மாவின் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. ஊரான் பிள்ளையை இழுத்துத் தன் பிள்ளைக்குப் பக்கத்தில் காவல் நிறுத்தினாளே என்று. அந்த ஆத்திரம் பஸ்ஸில் திரும்பும்போது என் பக்கமே திரும்பியது. கால், பாவாடை, தோள், கடைசியில் முகம் என்று அவள் நின்ற இடத்தில் தண்ணீரை நிரப்பியது என் கை. மெனக்கெட்டு, அலை அலையாகப் பொருத்தி. சன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஊரில் துக்கமா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

சனவரிப் பக்கத்தை மறுபடி எடுத்தேன். கூர்மையாக்கவில்லை, ஓரத்தை வெட்டவில்லை. அவள் இருந்தாள், அம்மாவின் விரல்களும் இருந்தன. அண்ணன் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள் மாலை பன்னிரண்டு தாளையும் ஸ்பைரல் போட்டுச் சங்ககிரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் அறையில் நானே மாட்டுகிறேன் என்று அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் அன்று அண்ணியும் தங்கச்சியும் சேலத்தில் இருந்தார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் சங்ககிரி வீட்டில். எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று தங்கச்சி போன் செய்தாள். நாலைந்து மணி நேரம் ஆகுமாம். நான் வீட்டைக் கூட்டினேன், கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன். அம்மா தலைக்குக் குளித்துவிட்டுச் சாமி அறைக்குள் போனாள்.

பதினோரு மணி இருக்கும். "சாமி, இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டாள். குரலில் ஏதோ இருந்தது.

அம்மா காலண்டரைச் சுவரில் மாட்டவில்லை. மணைக்கட்டை மேல் கிடத்தி, முன்னால் ஒரு ஜோடிச் சின்ன வளையலும் பொரியும் வைத்திருந்தாள். செத்தவர்கள் படத்துக்குக் கண்ணாடி மேல் பொட்டு வைப்போமே, அதுபோல அந்தப் பிள்ளைக்கு வைத்திருக்கிறாள். நாற்பது வருடமாகச் சொல்லாததை, இவள் செத்தவள்தான் என்பதை, அன்றைக்கு ஒத்துக்கொண்டாள். கரைத்த சந்தனத்தைத் தொட்டு, அதன் மேல் குங்குமத்தை நனைத்து வைத்த ஈரப் பொட்டு. அந்தக் காலண்டருக்குக் கண்ணாடி இல்லை. மை வாங்கும் பூச்சு தண்ணீரையும் வாங்கும், மையைத் திரும்பக் கொடுக்கும். அதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டியவள் நான். ஈர விரலை வைத்துத் தாளைச் சோதித்தவளே நான்தான்.

அந்தக் கறுப்பு வெள்ளை முகத்திலிருந்து நிறங்கள் வெளியே வந்துகொண்டிருந்தன. முதலில் நீலம், அதைச் சுற்றி மஞ்சள், பிறகு சிவப்பு. அம்மா பதறிப்போய் முந்தானையால் ஒற்றியிருக்கிறாள், அது இன்னும் இழுத்துவிட்டிருந்தது. முகம் இருந்த இடம் போய்விட்டது. சிவப்பு மட்டும் நிற்காமல் அண்ணன் தோளை நோக்கி ஊர்ந்தது. நான் செய்தித்தாளை எடுத்து ஒற்றப் போனேன், அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வளைந்த சுண்டுவிரல் தோலில் அழுந்தியது. இருவரும் அசையவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த ஈரம் நகர்வதை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், அங்கே ஆபரேஷன் அறையில் என்ன நடக்கிறது என்று அதில் தெரிவதுபோல. அவன் சட்டை விளிம்புக்கு ஒரு நெல் அளவு இடைவெளியில் சிவப்பு நின்றது. பிறகு மெல்லக் காயத் தொடங்கியது.

போன் அடித்தது ஒரு மணிக்கு மேல். தங்கச்சி அழுதுகொண்டே பேசினாள், நல்ல அழுகைதான். முடிந்துவிட்டது, நல்லபடியாக முடிந்துவிட்டது, இதயம் தானாக ஓடுகிறது என்று டாக்டர் சொன்னாராம். போனை ஒலிபெருக்கியில் போட்டு அம்மாவிடம் நீட்டினேன். அம்மா கேட்டாள், தலையை ஆட்டினாள். தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நாங்கள் மூன்று பேரும் ஒரு பொத்தான்கூடக் குறையாமல் தெளிவாக நின்றோம். பக்கத்தில் யாரும் இல்லை.

"மறுக்காவும் அந்தப் புள்ளையவே குடுத்துட்டனே சாமி" என்றாள்.

கோப்பு இருக்கிறது அம்மா, பத்து நிமிடத்தில் வேறு எடுத்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

வேறு எடுத்துத்தான் மாட்டினேன். அண்ணன் வீட்டுக்கு வந்து, எதிரே சுவரைப் பார்த்துப் படுத்து, இப்போது எழுந்து நடக்கிறான். சனவரிப் பக்கத்தைத் திருப்ப வேண்டாம் என்கிறான், யாரும் திருப்பவில்லை. கெட்டுப்போன தாளை நான் கேட்டும் அம்மா தரவில்லை. பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்திருக்கிறாள். இந்த ஆடிக்கு மேட்டூர் போகிறோம் என்று சித்திரையிலேயே சொல்லிவிட்டாள். ஆற்றங்கரையில் பழைய ஆட்கள் யாராவது இருப்பார்களாம். வளையல் விடவா என்று கேட்டேன். இல்லை, கேட்க, என்றாள்.